முப்பத்தேழாவது சாய்ஸ்

அப்பாவா? இல்ல சார், நான் அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்ல. அப்பா உள்ள இருக்காரு. வெள்ளச் சட்டை போட்டு, நாற்காலி நுனியில உக்காந்திருக்காரு பாருங்க, யாராச்சும் ஒரு அதட்டுப் போட்டா எந்திரிச்சு ஓடிருவாரு போல, அவருதான். கருத்தப்பாண்டி. கொத்தனாரு. பக்கத்துல பொண்ணு, அன்னலெட்சுமி. அந்தப் பக்கம் கண்ணாடி போட்டிருக்கவுக ஸ்கூல் ஹெச்.எம்., ஜாய்ஸ் டீச்சர். மூணு பேரும் ஆளுங்கட்சி. நான் எதிர்க்கட்சி. வெளிநடப்பு செஞ்சுட்டு வந்து உக்காந்திருக்கேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீக? மார்க் ஷீட்டுல பேர் திருத்தமா? அது இன்னைக்கு நடக்காது சார். அதப் பாக்குற கிளார்க்கு லீவு. யாரும் சொல்லியிருக்க மாட்டாக, சொல்லிட்டா நீங்க போயிருவீகள்ல. நான் பதினஞ்சு வருசமா இந்தக் கல்வி ஆபீசுக்கு வந்து போறவன், எனக்குத் தெரியும். இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க, அங்க வெயிலு. அஞ்சு மணிக்குத்தான உங்களுக்கு பஸ்ஸு? அப்ப கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

என் பேரு வேல்ச்சாமி. பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு நேர் எதுத்தாப்ல நெட் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், ஆதார், எல்லாம் உண்டு. ஆனா பன்னெண்டாவது ரிசல்ட் வந்துட்டா வேற வேலை கிடையாது. இஞ்சினியரிங் கவுன்சிலிங் மட்டுந்தான். நான் படிச்சது நைட் ஸ்கூலு. பகல்ல தீப்பெட்டி ஆபீஸ்ல தீக்குச்சிக் கட்டை அடுக்குவேன், பொழுது சாஞ்சா சிலேட்டு. இஞ்சினியரிங் காலேஜ் எதுக்குள்ளயும் நான் போனதில்ல. போனா வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னு கேப்பான். ஆனா எந்தக் காலேஜ்ல எந்தக் கோர்ஸு போன வருசம் எத்தனை கட்-ஆஃப்ல நின்னுச்சுன்னு கேளுங்க, தூக்கத்துல சொல்லுவேன். சும்மா சொல்லல. நெசமாவே தூக்கத்துல சொல்லுதேனாம், என் வீட்டுக்காரி குறைபட்டுக்கிடுதா.

உங்களுக்கு அந்த முறை தெரியாதுல்ல? சுருக்கமா சொல்லுதேன். எல்லாம் கம்ப்யூட்டர்லதான். காலேஜையும் கோர்ஸையும் வரிசையா எழுதணும். மொத சாய்ஸ், ரெண்டாவது சாய்ஸ், மூணாவது சாய்ஸ். எத்தனை வேணும்னாலும் எழுதலாம். கம்ப்யூட்டரு மேல இருந்து பாத்துக்கிட்டே வரும். உங்க மார்க்குக்கு எது மொதல்ல கிடைக்குதோ அதத் தூக்கிக் குடுத்துட்டு நின்னுரும். அதுக்குக் கீழ தங்கமே எழுதியிருந்தாலும் திரும்பிப் பாக்காது. அப்ப என்ன ஆச்சு? வரிசைதான் எல்லாம். அந்த வரிசையப் போடுறதுதான் என் வேலை.

அத பெத்தவுக கிட்ட விட்டா என்ன நடக்கும்னு நினைக்கீக? ஒருத்தரு வந்தாரு, எங்க தெருவுக்கு எந்தக் காலேஜ் பஸ் வருதோ அத மொதல்ல போடுங்கன்னாரு. இன்னொருத்தரு, ஏரோநாட்டிக்கல் எடுத்தா ஏரோப்ளேன் ஓட்டலாம்லன்னாரு. பஸ்ஸுல ஏறினவன்லாம் பஸ்ஸா ஓட்டுதான், டிக்கெட்டுதான் எடுக்கான்னேன். பிள்ளைக அதுக்கு மேல. சிநேகிதி எங்க போறாளோ அங்க. இவுகளக் கேட்டு வரிசை போட்டா விடிஞ்சுரும். அதனால நான் கேக்கறதில்ல. கேப்பேன், கேக்காம இல்ல. கேட்டுக்கிடுவேன். சரிம்மான்னுவேன். பிறகு எது சரியோ அதப் போடுவேன். பதினஞ்சு வருசமா இப்படித்தான். முந்நூறு பேருக்கு மேல போயிருக்காக. ஒருத்தர் ஏன்னு கேட்டதில்ல.

இன்னொரு விசயம். அப்ளிகேசன்ல ஒரு போன் நம்பர் குடுக்கணும். எல்லாத் தகவலும் அதுக்குத்தான் வரும். ரகசிய நம்பர், ஓ.டி.பி., அதுவும் அதுக்குத்தான் வரும். நம்ம ஆளுகளுக்கு போன் நிலையா ஏது? இன்னைக்கு ஒரு சிம்மு, நாளைக்கு ரீசார்ஜ் போடாம செத்துரும். அதனால நானே நம்பர் குடுத்துருவேன். நல்லா படிக்கிற பிள்ளைன்னா என் நம்பரு. சுமாருன்னா என் வீட்டுக்காரி நம்பரு. பாசானதே பெருசுன்னா மச்சினன் நம்பரு. பாஸ்வேர்டும் நானே வச்சிருவேன். அன்னலெட்சுமிக்குக் குடுத்தது என் நம்பரு. அவ்வளவு மரியாத வச்சிருந்தேன் சார் அந்தப் பிள்ள மேல.

ஜூன் மாசம் அப்பாவும் மகளும் வந்தாக. கட்-ஆஃப் இருநூத்துக்கு நூத்தி எண்பத்தாறு. கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்குல்ல, அதுல இது பெரிய மார்க்கு. ஃபீஸும் கிடையாது, ஹாஸ்டல் செலவும் கிடையாது, எல்லாம் அரசாங்கம் பாத்துக்கிடும். இந்த மார்க்கு என் கடைக்கு வந்ததே இல்ல. என்னம்மா படிக்கப் போறேன்னு கேட்டேன். பாத்துக்கோங்க, கேட்டேன். ‘சிவில் சார். திருநெல்வேலி கவர்மெண்ட் காலேஜ்’னா.

சிவிலு! நான் அப்பாவைப் பாக்குதேன், அவரு தரையப் பாக்காரு. ஏம்மா சிவிலுன்னேன். அந்தப் பிள்ள சொல்லுதா, சின்னதுல அப்பாவுக்கு சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கிட்டு வேலை நடக்கிற இடத்துக்குப் போவாளாம். இஞ்சினியரு வந்து நிழல்ல நின்னுக்கிட்டு, ‘இதை இடிச்சிட்டு மறுபடியும் கட்டு’ம்பாராம். இவரு வாயத் திறக்காம இடிப்பாராம். அவளுக்கு அந்த இஞ்சினியரா ஆகணுமாம். இல்ல, தப்பா சொல்லுதேன், அவ அப்படிச் சொல்லல. ‘ஏன் இடிக்கணும்னு எங்கப்பாவுக்குச் சொல்லுற இஞ்சினியரா ஆகணும் சார்’னா. சரி, அதுக்கு ஏன் திருநெல்வேலி? சனி ஞாயிறு அப்பா கூட வேலைக்குப் போயி கத்துக்கிடலாமாம்.

என்ன சொல்லுவீக இதுக்கு? சரிம்மான்னேன். நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்னேன்.

ராவும் பகலுமா உக்காந்து வரிசை போட்டேன் சார். சென்னையில பெரிய காலேஜ், கம்ப்யூட்டர் சயின்ஸு, அது மேல. அதுக்குக் கீழ கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எங்கெங்க உண்டோ அத்தனையும். கோயம்புத்தூரு, சேலம், மதுரை. அவ கேட்டதையும் விடல. திருநெல்வேலி சிவிலையும் போட்டேன். முப்பத்தேழாவதா போட்டேன். போடாம இருந்தாத்தான தப்பு? பிறகு யாரும் மாத்த முடியாதபடி வரிசையப் பூட்டிட்டேன்.

மறுநா வந்து பிரிண்ட் கேட்டா. மை தீந்துருச்சும்மா, பிறகு வான்னேன். மை இருந்துச்சு. பிரிண்ட் குடுத்தா பிள்ளைக வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டு குழம்பும் சார், என் அனுபவத்துல சொல்லுதேன்.

ரிசல்ட் வந்துச்சு. மூணாவது சாய்ஸே கிடைச்சிருச்சு. சென்னை! பெரிய காலேஜு! கம்ப்யூட்டர் சயின்ஸு! நம்ம ஊர் கவர்மெண்ட் ஸ்கூல்ல இருந்து அந்தக் காலேஜுக்கு அந்தக் கோர்ஸுக்கு ஒரு பிள்ள போனதில்ல. நான் உடனே ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லிட்டேன். எட்டடிக்கு ஆறடி. நடுவுல அவ போட்டோ. கீழ, வழிகாட்டின்னு போட்டு என் போட்டோ, சின்னதா. சரி, அவ போட்டோ அளவுக்குத்தான் இருந்துச்சு, அது அடிக்கிறவன் செஞ்ச வேலை. கிலோ கணக்கா காராச்சேவும் மைசூர்பாகும் வாங்கி வச்சுட்டு ஆள் அனுப்பினேன்.

வந்தா. ஸ்கிரீனப் பாத்தா. மைசூர்பாகக் கையில குடுத்தேன், வாங்கி மேசையில வச்சுட்டா. ‘சார், திருநெல்வேலி சிவில் எத்தனாவதா இருக்கு?’ன்னா. முப்பத்தேழுன்னேன். ‘நான் ஒண்ணாவதுன்னுல்ல சொன்னேன்’னா.

கத்தல. அழல. அதான் சார் எனக்கு ஆத்திரம். அழுதிருந்தா ஆறுதல் சொல்லியிருப்பேன். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். இவ நின்னு நிதானமா சொல்லுதா, ‘ரெண்டு நாள் டைம் இருக்கு சார். இந்த சீட்டு வேண்டாம்னு சொல்லிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போறேன். திருநெல்வேலியில சிவில் இன்னும் நெறையல. புதுசா வரிசை நானே போட்டுக்கிடுதேன், பாஸ்வேர்டக் குடுங்க’ங்கா. இந்த விதியெல்லாம் இவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தான்னு நினைக்கீக? நான்தான்! ஏப்ரல் மாசம் ஸ்கூல்ல கூப்பிட்டாகன்னு போயி ஒரு மணி நேரம் பேசினேன். மத்த பிள்ளைகள்லாம் கொட்டாவி விட்டுச்சு. இது மட்டும் நோட்டுல எழுதிக்கிட்டு இருந்துச்சு. நானும் ஒரு பிள்ளையாச்சும் கவனிக்குதேன்னு சந்தோசப்பட்டேன்.

பாஸ்வேர்டு தரமுடியாதும்மா, வீட்டுக்குப் போயி யோசின்னு அனுப்பிட்டேன். அடுத்த நாள் பதினோரு மணி இருக்கும். என் போன்ல டிங்குன்னு சத்தம். பாத்தா ஓ.டி.பி. புது பாஸ்வேர்டு வைக்கிறதுக்கு. யாரு வைக்கா? ஹெச்.எம். ரூமுல உக்காந்து, ஸ்கூல் கம்ப்யூட்டர்ல, இவளும் டீச்சரும். கொஞ்ச நேரத்துல டீச்சர் போன் பண்ணுதாக. ‘வேல்ச்சாமி, உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க’ன்னாக. எனக்கு ஒண்ணும் வரல டீச்சர், சிக்னல் இல்லன்னேன். சிக்னல் இல்லாம எப்படி என்கிட்ட பேசுதீகன்னாக. அது அவுக சாமர்த்தியம். ஸ்கூலு எதுத்தாப்லதான சார். அவுக ஜன்னல்ல நிக்குறது எனக்குத் தெரியுது. என் கையில போன் இருக்கறது அவுகளுக்குத் தெரியுது. நடுவுல ரோடு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே பேசுதோம்.

மூணு தடவ டிங்குங்குது. மூணு தடவையும் நான் சொல்லல. இன்னும் ஒரு நாள் கிடக்கே, டீச்சரு ரோட்டத் தாண்டி வந்து போனப் புடுங்கினாலும் புடுங்குவாகன்னு ஒரு பயம் வந்துச்சு. பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்குல்ல. நானே உள்ள போயி, இந்த சீட்டுல சேந்துக்கிடுதேன்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கிட்டேன். முடிஞ்சுது. நிம்மதியா டீ குடிச்சேன்.

அவ நல்லதுக்குத்தான சார் அமுக்கினேன்? எனக்கு அதுல என்ன லாபம்? சொல்லுங்க.

சாயங்காலமே இந்த ஆபீசுக்கு மனு எழுதிட்டாக. அழகான கையெழுத்து அவளுக்கு, அதையும் சொல்லணும். ஒரே பக்கம். அதுல ‘என்னைக் கேட்காமல்’னு நாலு இடத்துல எழுதியிருக்கா. என்னைக் கேட்காமல் வரிசையை மாற்றினார். என்னைக் கேட்காமல் பூட்டினார். என்னைக் கேட்காமல் சேர்த்துவிட்டார். நாலாவது ஃப்ளெக்ஸு. என்னைக் கேட்காமல் என் படத்தைப் போட்டார். ஃப்ளெக்ஸுக்குமா சார் கேப்பாக? அதுவும் அவுக அப்பா இந்த ஊர்ல முப்பது வருசமா சுவரு கட்டுதாரு, ஒரு சுவத்துலயாச்சும் அவரு பேரு இருக்கா? நான் அவரு மகள எட்டடிக்குத் தூக்கி வச்சேன்.

கேக்காம, கேக்காமங்காளே. என்னைய யாரு கேட்டா? ஒம்போது வயசுல எங்க சித்தப்பா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி தீப்பெட்டி ஆபீஸ்ல விட்டாரு. உன் நல்லதுக்குத்தாம்லேன்னாரு. நான் மனு எழுதினேனா? எழுதத் தெரியாது, அது வேற விசயம். தெரிஞ்சிருந்தா…

சரி, அது கிடக்கட்டும். இன்னைக்கு நடந்ததுக்கு வாரேன்.

இந்த ஆபீஸரு இருக்காருல்ல, சின்ன வயசு, நல்ல மனுசன். சென்னையில கவுன்சிலிங் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்காரு. அங்க சொன்னாகளாம், யாரு அந்தப் பட்டன அமுக்கினாரோ அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆபீஸரும் கையெழுத்துப் போட்டு, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மெயில்ல வந்தா, அந்தப் பிள்ளைய அடுத்த ரவுண்டுல சேத்துக்கிடுதோம்னு. அஞ்சு தாண்டினா அவ்வளவுதான். சென்னைக்குப் போகணும், இல்ல வீட்டுல இருக்கணும். அவ போகமாட்டேங்கா. அப்பா கூட சித்தாள் வேலைக்குப் போறேன், அடுத்த வருசம் மறுபடியும் எழுதுதேங்கா. நூத்தி எண்பத்தாறு வாங்கின பிள்ள பேசுற பேச்சா?

நான் என்ன கல்நெஞ்சக்காரனா? காலையில பத்து மணிக்கே வந்துட்டேன். கையெழுத்துப் போடுதேன்னுட்டேன். போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அடுத்த வருசம் ஒரு பிள்ள என் கடைப்படி ஏறாது. ஏப்ரல்ல ஸ்கூலுக்குக் கூப்பிட மாட்டாக. பதினஞ்சு வருசத்துப் பேரு போயிரும். போகட்டும்னுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அடிச்சு வச்சிருக்க லெட்டர்ல, ‘மாணவியின் சம்மதம் இல்லாமல் நானே செய்தேன்’னு இருக்கு. இருக்கட்டும். அதுக்குப் பக்கத்துல, ‘அவருடைய நன்மையைக் கருதி’ன்னு ஒரே ஒரு வரி. வரி கூட இல்ல, மூணு வார்த்த. அதச் சேத்துக்கோங்கன்னேன்.

ஆபீஸரு தலையில கை வச்சுட்டாரு. ‘வேல்ச்சாமி, இத சென்னையில படிச்சா, இது ஏதோ வீட்டுத் தகராறு, பேசித் தீத்துக்கோங்கன்னு ஓரமா போட்டுருவாங்கய்யா’ன்னாரு. அது எப்படிங்கய்யா, உண்மையத்தான எழுதச் சொல்லுதேன்னேன். டீச்சர் குறுக்க வந்தாக. ‘உங்க நன்மை போதும்’னாக. டீச்சர் நீங்க சும்மா இருங்க, உங்க மகளுக்கு யாரு வரிசை போட்டதுன்னு கேட்டேன். நான்தான் போட்டேன் சார், மூணு வருசத்துக்கு முன்னால! அவுக மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. ‘ஆமா, அவளும் இன்னைக்கு வரைக்கும் என் கூட சரியாப் பேசறதில்ல’ன்னாக. அது அவுக வீட்டு விசயம், அதுக்கு நான் என்ன செய்ய?

காலையில இருந்து இதே பேச்சுதான். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. சாப்பிட்டுட்டு வந்து மறுபடியும். கடைசியில அந்தப் பிள்ள வாயத் திறந்தா. ‘சார், நீங்க உங்க நன்மைக்குச் செய்யல, அது எனக்குத் தெரியும். ஆனா என் நன்மைக்குன்னு நீங்க எழுதிட்டா, அப்ப நான் கேக்கறது எதுக்குன்னு ஆயிரும்ல?’ன்னா.

அப்பதான் சார் அந்த மனுசன் பேசினாரு. கருத்தப்பாண்டி. காலையில இருந்து அவரு பேசின மொத வார்த்த. எந்திரிச்சு நின்னுக்கிட்டு ஆபீஸரப் பாத்து சொல்லுதாரு, ‘அய்யா, அண்ணாச்சி மேல தப்பில்லய்யா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுட்டாரு, அவ்வளவுதான்’னாரு.

பாத்தீகளா? அவரே சொல்லுதாரு, தப்பில்லன்னு. எனக்குப் பரிஞ்சுதான் பேசினாரு. சத்தியமா குத்தலா பேசல, அவருக்கு அதெல்லாம் பேசத் தெரியாது. நான் சந்தோசப்படணும்ல? நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். ஏன் வந்தேன்னு நீங்க கேக்கலாம். புழுக்கமா இருந்துச்சு. ஃபேன் வேலை செய்யல அந்த ரூமுல. செஞ்சுச்சோ என்னமோ.

இல்ல சார், நான் கேக்குதேன். முந்நூறு பேர் இருக்காகள்ல. அவுகள்ல ஒருத்தரும் மனு எழுதலயே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயே. எல்லாரும் நல்லாத்தான் இருக்கணும். தீபாவளி பொங்கலுக்கு ஊருக்கு வாராக, பஸ் ஸ்டாண்டுல பாக்கேன், நல்லா இருக்கீகளா சார்னு கேட்டுட்டுப் போயிருதாக. நின்னு பேசறதில்ல. அவுகவுகளுக்கு வேலை இருக்கும். கடைப்பக்கம் வரணும்னு என்ன இருக்கு? ஆனா ஒருத்தராச்சும் வந்திருக்கலாம். நான் அதுக்குச் சொல்லல.

மணி என்ன சார் உங்க போன்ல? நாலே முக்காலா?

நீங்க என்ன நினைக்கீக? மூணு வார்த்த. அதுல என்ன தப்பு? படிச்சவுக நீங்க, சொல்லுங்க. சும்மா தலைய ஆட்டாதீக சார். நானும் இப்படித்தான் பிள்ளைக கிட்ட சரிம்மா சரிம்மான்னு தலைய…

‘சார்.’

இந்தா, அவளே வந்துட்டா.

‘சார், மெயில் திறந்து வச்சிருக்காங்க. அய்யா கூப்பிடுதாங்க.’

வாரேம்மா. வாரேன். கையில என்ன, அந்த லெட்டரா? அந்த மூணு வார்த்த இல்லாமத்தான அடிச்சிருக்கு? ம். ஏன், இதையும் ஒளிச்சு வச்சுருவேன்னு நீயே தூக்கிட்டு வந்தியாக்கும். சரி, நட. நான் வாரேன் சார், நீங்க பஸ்ஸ விட்றாதீக. ஏம்மா, உள்ள இருட்டா இருக்கு, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல. நான் எங்க கையெழுத்துப் போடணும்? நீ சொல்லு.